அணைவுச் சேர்மங்கள்: பெயரிடல், மாற்றியம், நிலைப்புத்தன்மை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சதுர அடைப்புக்குறிக்குள் எதைப் போடுவது, வெளியே எதை விடுவது?

மைய உலோக அயனியும் அதோடு நேரடியாகப் பிணைந்த ஈனிகளும் (எலக்ட்ரான் இணையைத் தந்து உலோகத்தோடு பிணையும் அயனி அல்லது மூலக்கூறு) உள்ளே. மின்சுமையை ஈடுகட்ட நிற்கும் எதிரயனி வெளியே. தண்ணீரில் கரைத்தால் வெளியே இருப்பது தனியாகப் பிரிந்துவிடும். உள்ளே இருப்பது ஒரே அயனியாக நிற்கும்.

இதை முதலில் தெளிவாக்கியது கோபால்ட் குளோரைடும் அம்மோனியாவும் சேர்ந்த உப்புகள்தான். ஒரு கோபால்ட்டுக்கு மூன்று குளோரின் என்ற கணக்கு எல்லாவற்றிலும் ஒன்றே. ஆறு அம்மோனியா உள்ள ஆரஞ்சு மஞ்சள் உப்பில் சில்வர் நைட்ரேட் ஊற்றினால் மூன்று குளோரைடும் வீழ்படிவாகும். ஐந்து அம்மோனியா உள்ள ஊதா உப்பில் இரண்டுதான் விழும். நான்கு அம்மோனியா உள்ளதில் ஒன்றே ஒன்று. மின்கடத்து திறனும் அதே வரிசையில் குறையும். வீழாத குளோரின் கோபால்ட்டோடு பிணைந்து உள்ளே இருக்கிறது என்று 1893-இல் ஆல்ஃபிரட் வெர்னர் சொன்னார். அப்போது அவருக்கு வயது 26.

நான்கு அம்மோனியா உப்பு பச்சையாக ஒன்றும் ஊதாவாக ஒன்றும் என இரண்டு விதமாகக் கிடைத்தது. ஆறு ஈனிகளும் தட்டையான அறுகோணமாகவோ முக்கோணப் பட்டகமாகவோ அமைந்திருந்தால் மூன்று மாற்றியங்கள் (ஒரே வாய்பாடு, வேறு அமைப்பு) வரவேண்டும், எண்முகியானால் இரண்டுதான். எவ்வளவு தேடியும் மூன்றாவது கிடைக்கவில்லை. எக்ஸ் கதிர் படிகவியல் வருவதற்கு முன்பே எண்முகி வடிவம் இப்படித்தான் நிலைநாட்டப்பட்டது.

பெயர், மாற்றியம், நிலைப்பு ஆகிய மூன்றிலும் மாணவர்கள் தடுமாறும் இடங்களில் பெரும்பாலானவை இந்த உள்ளே–வெளியே பிரிவினை சரியாகப் பிடிபடாததால் வருபவை.

சில்வர் நைட்ரேட் சோதனையில் கணக்கு சரியாக வரவில்லையே, ஏன்?

பெரும்பாலும் கரைசல் பழசாகியிருக்கும், அல்லது சூடாக்கியிருப்பீர்கள். குரோமியம் குளோரைடு ஹெக்சாஹைட்ரேட்டை எடுத்துக்கொள்வோம். கடையில் வரும் பாட்டிலில் இருப்பது கரும்பச்சை வடிவம்: நான்கு நீரும் இரண்டு குளோரினும் உள்ளே, ஒரு குளோரைடு வெளியே, மீதி இரண்டு நீர் படிகத்தில். அதே வாய்பாட்டுக்கு நீலப்பச்சை வடிவமும் உண்டு. அதில் ஐந்து நீரும் ஒரு குளோரினும் உள்ளே. ஆறு நீரும் உள்ளே இருப்பது ஊதா வடிவம். இவை மூன்றும் நீரேற்ற மாற்றியங்கள்.

மூலக்கூறு எடை 266.45. எனவே 0.2665 கிராம் எடுத்தால் ஒரு மில்லிமோல். ஒரு குளோரைடு வெளியே இருந்தால் 0.143 கிராம் சில்வர் குளோரைடு விழவேண்டும், இரண்டுக்கு 0.287, மூன்றுக்கு 0.430. கரும்பச்சை உப்பைக் குளிர்ந்த நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, உடனே சில்வர் நைட்ரேட் சேர்த்து, உடனே வடிகட்டினால் 0.143-க்கு அருகில் வரும். காலையில் கரைத்து வைத்துவிட்டு மாலையில் சோதித்தால் அதிகமாகத்தான் வரும்: உள்ளே இருந்த குளோரினை நீர் ஒவ்வொன்றாக வெளியேற்றிவிடும், நிறமும் நீலப்பச்சை வழியாக ஊதாப் பக்கம் நகரும். வடிகட்ட எளிதாக இருக்கட்டும் என்று வீழ்படிவைக் கொதிக்கவைப்பது வழக்கமான பழக்கம். இந்தச் சோதனையில் அதுவே கேடு. வெள்ளி அயனி உள்ளிருக்கும் குளோரினையும் பிடுங்கிக்கொள்ளும். கோபால்ட்டின் ஐந்து அம்மோனியா ஊதா உப்பும் குளிர்ச்சியில் இரண்டு குளோரைடைத் தரும். கொதிக்கவைத்தால் மூன்றாவதும் வரும்.

பெயரில் ஈனிகளை எந்த வரிசையில் எழுதுவது?

ஆங்கில அகர வரிசையில். தமிழில் பெயர் எழுதும்போதும் அதே வரிசைதான். இங்கே தமிழ் வழி மாணவர்களுக்கென்றே ஒரு பொறி இருக்கிறது. தமிழ் அகராதியில் அக்வா முதலில் வரும், அம்மைன் பிறகு. ஆங்கில எழுத்துப்படி அம்மைன் முந்தும். ஆகவே மூன்று அம்மோனியா, மூன்று நீர், ஒரு குரோமியம், வெளியே மூன்று குளோரைடு என்றால் ட்ரைஅம்மைன்ட்ரைஅக்வாகுரோமியம்(3+) குளோரைடு.

டை, ட்ரை, டெட்ரா போன்ற எண் முன்னொட்டுகளை வரிசைக்குக் கணக்கில் எடுக்கக் கூடாது. ஈனியின் பெயரிலேயே டை, ட்ரை இருந்தால் பிஸ், ட்ரிஸ் போட்டு அடைப்புக்குறி இடவேண்டும்: டைகுளோரிடோபிஸ்(ஈத்தேன்-1,2-டைஅமீன்)கோபால்ட்(1+) குளோரைடு. நேர் அயனி முதலில், எதிர் அயனி பிறகு. அணைவு எந்தப் பக்கம் இருந்தாலும் இது மாறாது. வெளியே எத்தனை குளோரைடு என்பதைப் பெயரில் சொல்லத் தேவையில்லை, மின்சுமையிலிருந்தே தெரிந்துவிடும்.

இங்கே ஏன் 3+ என்று எழுதுகிறீர்கள்? பாடத்தில் ரோமன் எண் அல்லவா?

இரண்டும் ஏற்கப்பட்ட முறைகளே. ஆனால் இரண்டும் வேறு விஷயத்தைச் சொல்கின்றன. ரோமன் எண் மைய உலோகத்தின் ஆக்சிஜனேற்ற எண். கூட்டல் கழித்தல் குறியோடு வரும் எண் அணைவு அயனி முழுவதின் மின்சுமை. ஹெக்சாஅம்மைன்கோபால்ட்டில் அம்மோனியாவுக்கு மின்சுமை இல்லாததால் இரண்டும் மூன்றாகவே வரும், குழப்பம் தெரியாது. பொட்டாசியம் ஹெக்சாசயனிடோபெர்ரேட்(4−) உப்பில்தான் வேறுபாடு வெளிப்படும்: அயனியின் மின்சுமை கழித்தல் நான்கு, ஆறு சயனைடால் கழித்தல் ஆறு, ஆகவே இரும்பு கூட்டல் இரண்டு. ரோமன் எண்ணில் எழுதினால் இரண்டு, நான்கு அல்ல. இந்தப் பக்கத்தில் மின்சுமை முறையைப் பின்பற்றுகிறோம். தேர்வில் ரோமன் எண் கேட்டால் இதே கணக்கைப் போட்டு ஆக்சிஜனேற்ற எண்ணை எழுதுங்கள்.

குளோரோவா, குளோரிடோவா?

2005-ஆம் ஆண்டு ஐயூபேக் (வேதிப் பெயரிடல் விதிகளை வகுக்கும் பன்னாட்டு அமைப்பு) பரிந்துரைக்குப் பிறகு குளோரிடோ, சயனிடோ, ஹைட்ராக்சிடோ. பழைய நூல்களில் குளோரோ, சயனோ இருக்கும். புரிந்துகொள்ளுங்கள், புதிதாக எழுதாதீர்கள். நீர், அம்மோனியா, கார்பன் மோனாக்சைடு மூன்றும் முறையே அக்வா, அம்மைன், கார்பனைல். ஈனியாக வரும் அம்மோனியா மட்டுமே அம்மைன். மெத்தில்அமீன் போன்ற கரிமச் சேர்மங்கள் அமீனாகவே நிற்கும்.

எதிர்மின் அணைவில் உலோகத்தின் பெயர் எப்போது மாறும்?

அணைவு அயனி எதிர்மின் சுமை உடையதானால் மட்டும். இரும்பு பெர்ரேட், தாமிரம் குப்ரேட், வெள்ளி அர்ஜென்டேட், தங்கம் ஆரேட், காரீயம் பிளம்பேட், வெள்ளீயம் ஸ்டேனேட். பாதரசம் விதிவிலக்கு: லத்தீன் பெயரை விட்டு மெர்க்குரேட். நேர்மின் அணைவிலும் நடுநிலை அணைவிலும் பெயர் அப்படியே இருக்கும். டெட்ராகார்பனைல்நிக்கலை நிக்கலேட் என்று எழுதுவது அடிக்கடி காணும் பிழை.

நைட்ரைட் ஈனி எந்த அணு வழியாகப் பிணைந்தது என்று எப்படி அறிவது?

கோபால்ட்டின் ஐந்து அம்மோனியா அணைவில் நிறமே சொல்லிவிடும். ஆக்சிஜன் வழியாகப் பிணைந்தது இளஞ்சிவப்பும் ஆரஞ்சும் கலந்த நிறம். நைட்ரஜன் வழியாகப் பிணைந்தது மஞ்சள். பெயரில் முதலாவதை நைட்ரிட்டோ-கப்பா-ஓ என்றும் இரண்டாவதை நைட்ரிட்டோ-கப்பா-என் என்றும் வேறுபடுத்துவார்கள்; கப்பாவுக்குப் பின் வருவது பிணையும் அணு. இது இணைப்பு மாற்றியம்.

தயாரிக்கும்போது ஊதா குளோரிடோ உப்பை அம்மோனியா கலந்த நீரில் கரைத்து, குளிரவைத்து, அமிலம் விட்டு நடுநிலைக்குக் கொண்டுவந்து, சோடியம் நைட்ரைட் சேர்த்துப் பனிக்கட்டியில் வைத்தால் ஆக்சிஜன் வழிப் பொருள் படியும். குளிர்ச்சி குறைந்தால் மஞ்சள் கலந்துவிடும். அறை வெப்பநிலையில் திடப்பொருளாக வைத்திருந்தாலும் மெல்ல மஞ்சளாகும், ஏனெனில் நைட்ரஜன் வழிப் பிணைப்பே கூடுதல் நிலைப்பு உடையது. அகச்சிவப்பு நிறமாலை எடுக்க வேண்டுமானால் தயாரித்த அன்றே எடுத்துவிடுவது நல்லது.

நிலைப்பு குறைந்தது முதலில் வருவானேன்? ஆக்சிஜன்-18 கொண்டு செய்த சோதனைகள் காட்டியது இது: கோபால்ட்–ஆக்சிஜன் பிணைப்பு உடைவதே இல்லை. ஏற்கெனவே பிணைந்திருக்கும் ஹைட்ராக்சிடோ ஆக்சிஜனின் மேல் நைட்ரஜன் வந்து ஏறுகிறது. கோபால்ட் தன் பிணைப்பை மாற்றச் சோம்பல்படும் உலோகம் என்பதால் மாற்றியம் திரும்ப நேரம் பிடிக்கிறது.

அயனியாதல் மாற்றியத்துக்கு நம்பகமான எடுத்துக்காட்டு?

ஐந்து அம்மோனியா, ஒரு புரோமின், ஒரு சல்பேட் கொண்ட கோபால்ட் உப்பு. புரோமின் உள்ளே இருந்தால் ஊதா, பேரியம் குளோரைடோடு வெள்ளை வீழ்படிவு. சல்பேட் உள்ளே இருந்தால் சிவப்பு, சில்வர் நைட்ரேட்டோடு வெளிர்மஞ்சள் வீழ்படிவு.

எண்முகி அணைவில் எத்தனை மாற்றியம் என்று எண்ணும்போதெல்லாம் ஒன்று விடுபடுகிறது. வழி உண்டா?

படம் வரைந்து திருப்பித் திருப்பிப் பார்ப்பதை விடுங்கள். எதிரெதிரே நிற்கும் ஈனிகளை ஜோடியாக எழுதுங்கள். எண்முகியில் அப்படி மூன்று ஜோடி உண்டு. ஒருமுனை ஈனிகளுக்கு வடிவ மாற்றியத்தைத் தீர்மானிப்பது இந்த ஜோடிகள் மட்டுமே.

அ இரண்டு, ஆ இரண்டு, இ இரண்டு என்று வைத்துக்கொள்வோம். அஅ–ஆஆ–இஇ ஒன்று. ஒரே ஒரு ஜோடி மட்டும் ஒத்ததாக இருந்தால் மூன்று: அஅ–ஆஇ–ஆஇ, ஆஆ–அஇ–அஇ, இஇ–அஆ–அஆ. ஒத்த ஜோடியே இல்லாமல் அஆ–ஆஇ–இஅ ஒன்று. மொத்தம் ஐந்து வடிவ மாற்றியங்கள்.

இதில் எது ஒளியியல் மாற்றியம் காட்டும்? மூன்று ஜோடிகளும் ஒன்றுக்கொன்று வேறாக இருந்து, எந்த ஜோடியிலும் ஒரே ஈனி இரண்டு முறை வராமலும் இருந்தால் சமச்சீர் தளம் கிடையாது. அதற்கு ஆடிப் பிம்பம் தனியாக உண்டு. ஐந்தில் கடைசியானது மட்டும் இந்தத் தகுதி பெறும். எனவே மொத்தம் ஆறு. இதே விதியை ஆறு வேறுவேறு ஈனிகளுக்குப் போட்டால் 15 ஜோடி அமைப்புகள், ஒவ்வொன்றும் ஆடிப் பிம்பத்தோடு, ஆக 30. அ மூன்று, ஆ மூன்று என்றால் இரண்டே அமைப்பு: அஅ–அஆ–ஆஆ மெரிடியோனல், அஆ–அஆ–அஆ பேசியல்.

இருமுனை ஈனிகள் (இரண்டு அணுக்களால் பிணைபவை) வந்தால் இந்த ஒளியியல் விதி செல்லாது. டைகுளோரிடோபிஸ்(ஈத்தேன்-1,2-டைஅமீன்)கோபால்ட்டில் டிரான்ஸ் வடிவம் (இரண்டு குளோரினும் எதிரெதிரே) பச்சை, சமச்சீர் தளம் உண்டு. சிஸ் வடிவம் (இரண்டும் அருகருகே) ஊதா, ஆடிப் பிம்பங்கள் இரண்டு. பச்சை உப்பின் நடுநிலைக் கரைசலை நீராவித் தொட்டியில் வற்றவைத்தால் ஊதாவாகும். அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு வற்றவைத்தால் மீண்டும் பச்சை. கைக்குக் கிடைத்த ஊதாப் பொடியில் பச்சைத் துணுக்குகள் தெரிந்தால் அமிலம் முழுதாகப் போகவில்லை என்று பொருள்.

இந்த வகைக் கோபால்ட் அணைவை ஒளியியல் மாற்றியங்களாகப் பிரித்துக் காட்டியது 1911-இல் வெர்னரின் ஆய்வகம். ஒளிச்சுழற்சிக்குக் கரிமம்தான் காரணம் என்று அப்போதும் சிலர் முரண்டுபிடிக்க, 1914-இல் கரிமமே இல்லாத, நான்கு கோபால்ட் அணுக்கள் கொண்ட அணைவைப் பிரித்து அந்த வாதத்தையும் அவர் முடித்துவைத்தார்.

சிஸ்பிளாட்டினையும் டிரான்ஸ் வடிவத்தையும் சோதனைக்குழாயிலேயே பிரித்தறிய முடியுமா?

முடியும். இரண்டு அம்மோனியாவும் இரண்டு குளோரினும் கொண்ட பிளாட்டின அணைவு இது. தயோயூரியா போதும், குர்னாகோவ் சோதனை என்று பெயர். சிஸ் வடிவத்தோடு மிகுதியான தயோயூரியா சேர்த்துச் சூடாக்கினால் குளோரின், அம்மோனியா எல்லாம் வெளியேறி, நான்கு தயோயூரியா ஏறிய மஞ்சள் பொருள் வரும். டிரான்ஸ் வடிவத்தில் இரண்டு குளோரின் மட்டும் வெளியேறும். குளிர்ந்ததும் வெள்ளை ஊசிப் படிகங்கள்.

காரணம் டிரான்ஸ் விளைவு. ஒரு ஈனி தனக்கு எதிரே நிற்பதைத் தளர்த்தும். தயோயூரியாவுக்கு அந்த ஆற்றல் மிகுதி, அம்மோனியாவுக்குக் குறைவு. சிஸ் வடிவத்தில் குளோரின் இடத்தில் தயோயூரியா ஏறியதும் எதிரே இருக்கும் அம்மோனியா கழன்றுவிடும். டிரான்ஸ் வடிவத்தில் தயோயூரியாவுக்கு எதிரே இன்னொரு தயோயூரியா; அம்மோனியாவுக்கு எதிரே அம்மோனியா; அது அசையாது.

தயாரிப்பிலும் இதே விதிதான் வேலை செய்கிறது. டெட்ராகுளோரிடோபிளாட்டினேட்டில் தொடங்கி அம்மோனியா சேர்த்தால் சிஸ். டெட்ராஅம்மைன் பிளாட்டினத்தில் தொடங்கி ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்தால் டிரான்ஸ். மஞ்சள் வரவேண்டிய இடத்தில் பச்சைச் சாயல் தெரிந்தால் மேக்னஸ் பச்சை உப்பு கலந்திருக்கிறது: டெட்ராஅம்மைன் நேரயனியும் டெட்ராகுளோரிடோ எதிரயனியும் சேர்ந்தது. அம்மோனியா அளவு மிஞ்சினால் அது வரும். சிஸ் வடிவம் 1845-இலேயே தயாரிக்கப்பட்டது; புற்றுநோய் மருந்தாக அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது 1978-இல். டிரான்ஸ் வடிவத்துக்கு அந்த மருத்துவப் பயன் இல்லை.

நிலைப்புத்தன்மை மாறிலியை எப்படிப் படிப்பது?

உலோக அயனியும் ஈனியும் சேர்ந்து அணைவாகும் சமநிலையின் மாறிலி இது. தாமிரம்–அம்மோனியாவைப் பாருங்கள். முதல் அம்மோனியா முதல் நான்காவது வரை படிநிலை மாறிலிகளின் மடக்கை ஏறத்தாழ 4.2, 3.5, 2.9, 2.1. கூட்டினால் 12.7, அது ஒட்டுமொத்த மாறிலியின் மடக்கை. மாறிலிகளைப் பெருக்கவேண்டும், மடக்கைகளைக் கூட்டவேண்டும். மாற்றிச் செய்தால் விடை அபத்தமாக வரும். படிக்குப் படி குறைவது இயல்பு: அம்மோனியா ஏற மிச்சமிருக்கும் இடம் குறைகிறது, ஏறியது கழல வாய்ப்பு கூடுகிறது. ஐந்தாவது அம்மோனியா தண்ணீரில் மிக மிக வலுவில்லாமல்தான் ஒட்டும். யான்–டெல்லர் திரிபால் (எலக்ட்ரான் அமைப்பின் காரணமாக எண்முகி ஓர் அச்சில் நீள்வது) அந்த இரண்டு அச்சு நிலைகளும் விலகி நிற்கின்றன.

மாறிலி பெரியதென்றால் அணைவு வினைபுரியாது என்றுதானே பொருள்?

இல்லை. இந்தத் தலைப்பில் வரும் மிகப் பெரிய குழப்பம் இது. மாறிலி சொல்வது சமநிலை எந்தப் பக்கம் என்பதை. ஈனி எவ்வளவு வேகமாக மாறும் என்பது வேறு கேள்வி.

டெட்ராசயனிடோநிக்கலேட்(2−) அயனியின் ஒட்டுமொத்த மாறிலி 10³⁰ அளவில் இருக்கிறது. ஆனாலும் கதிரியக்கக் கார்பன் கொண்ட சயனைடைச் சேர்த்தால் அரை நிமிட அளவில் பாதி இடம் மாறிவிடும். ஹெக்சாசயனிடோகுரோமேட்(3−) அயனியில் அதே மாற்றத்துக்கு வாரக்கணக்கில் ஆகும். எதிர்த்திசையில் ஹெக்சாஅம்மைன்கோபால்ட்(3+): அமிலத்தில் அது சிதையவேண்டும் என்பதே வெப்ப இயக்கவியல் தீர்ப்பு, சமநிலை மாறிலி 10²⁵ அளவில் சிதைவின் பக்கம். ஆனால் அமிலத்தில் நாள்கணக்கில் ஒன்றும் ஆகாமல் கிடக்கும். டி-மூன்று குரோமியமும் (டி ஆர்பிட்டாலில் மூன்று எலக்ட்ரான்), குறைசுழற்சி டி-ஆறு கோபால்ட்டும் (ஆறு எலக்ட்ரான், எல்லாம் இணைசேர்ந்தவை) மந்தமானவை. ஈனி மாற இடைநிலைக்குப் போகும்போது படிகப்புல ஆற்றலில் பெரிய இழப்பு ஏற்படுகிறது.

வெர்னர் கோபால்ட்டையும் குரோமியத்தையும் வைத்து மாற்றியங்களைப் பிரிக்க முடிந்ததற்கும் இந்த மந்தம்தான் காரணம். தாமிரத்தில் முயன்றிருந்தால் பிரிப்பதற்குள் எல்லாம் கலந்துபோயிருக்கும்.

கொடுக்கிணைப்பு ஈனி ஏன் இவ்வளவு வலுவாகப் பிடிக்கிறது?

ஒன்றுக்கு மேற்பட்ட அணுக்களால் ஒரே உலோகத்தைப் பற்றி வளையம் உண்டாக்கும் ஈனி இது. நிக்கலோடு ஆறு அம்மோனியா: மடக்கை 8.6. நிக்கலோடு மூன்று ஈத்தேன்-1,2-டைஅமீன்: 18.3. இரண்டிலும் ஆறு நைட்ரஜன்தான். 25 டிகிரி செல்சியஸில் ஒரு மடக்கை அலகுக்கு 5.7 கிலோஜூல், ஆக மோலுக்கு ஏறத்தாழ 55 கிலோஜூல் ஆதாயம். மூன்று ஈனி உள்ளே போக ஆறு துகள் வெளியே வருகிறது. என்ட்ரோபி ஏற்றம் இதில் பெரும்பங்கு. ஐந்து உறுப்பு வளையம் பொதுவாகச் சிறப்பாகப் பொருந்தும். வளையம் பெரிதாகப் பெரிதாக ஆதாயம் தேயும்.

சில்வர் குளோரைடு அம்மோனியாவில் கரைகிறது, சில்வர் அயோடைடு கரைவதில்லை. கணக்கில் காட்ட முடியுமா?

டைஅம்மைன் வெள்ளி அயனியின் மாறிலி 1.6 × 10⁷. குளோரைடின் கரைதிறன் பெருக்கம் 1.8 × 10⁻¹⁰. இரண்டையும் பெருக்கினால் 2.9 × 10⁻³. ஒரு மோலார் அம்மோனியாவில் லிட்டருக்கு 0.049 மோல் கரையும். புரோமைடுக்கு இதே கணக்கு 0.003 மோல் தரும். அயோடைடுக்கு 0.00004-க்கும் குறைவு, கண்ணுக்கு அது கரையாததே. புரோமைடைக் கரைக்கத் தயோசல்பேட் வேண்டும். வெள்ளியோடு அதன் மாறிலியின் மடக்கை 13-க்கு மேல். கணக்கில் அடிக்கடி நடக்கும் பிழை, ஒரு வெள்ளி அயனிக்கு இரண்டு அம்மோனியா செலவாவதை விட்டுவிடுவது.

நீரின் கடினத்தன்மைத் தரம்பார்த்தலில் முடிவுநிலை தெளிவாக வருவதில்லை. ஏன்?

முதலில் சரியான நடைமுறை: 50 மி.லி. நீர், 1 முதல் 2 மி.லி. அம்மோனியா–அம்மோனியம் குளோரைடு தாங்கல் கரைசல், சோடியம் குளோரைடோடு அரைத்த எரியோகுரோம் பிளாக் டி ஒரு சிட்டிகை, 0.01 மோலார் ஈடிடிஏ (உலோக அயனியைப் பல முனைகளால் பற்றும் கொடுக்கிணைப்பு ஈனி). லிட்டருக்கு 3.722 கிராம் டைசோடியம் டைஹைட்ரேட் உப்பு. பிளாஸ்டிக் பாட்டிலில் வையுங்கள். ஒயின் சிவப்பு முழுவதும் மறைந்து நீலம் வரவேண்டும். 18.5 மி.லி. செலவானால் 20-ஆல் பெருக்க, லிட்டருக்கு 370 மி.கி. கால்சியம் கார்பனேட்.

பிஎச் 10-க்குக் கீழே இறங்குவது முதல் சந்தேகம். கால்சியத்தோடு ஈடிடிஏ மாறிலியின் மடக்கை 10.7 என்பது ஹைட்ரஜன் எல்லாம் இழந்த வடிவத்துக்கு மட்டும். பிஎச் 10-இல் நடைமுறை மதிப்பு 10.2, பிஎச் 5-இல் வெறும் 4 அளவு. 0.01 மோலாருக்குக் கூர்மையான முடிவுநிலை வேண்டுமானால் 8 ஆவது வேண்டும். அதற்காகக் காரத்தை அள்ளி ஊற்றினால் பிஎச் 12-க்கு மேல் மெக்னீசியம் ஹைட்ராக்சைடாக விழுந்துவிடும். தாங்கல் சேர்த்த பிறகு ஐந்து நிமிடத்துக்குள் முடிக்கவேண்டும், இல்லாவிட்டால் கால்சியம் கார்பனேட் படியத் தொடங்கும்.

நீரில் மெக்னீசியம் இல்லாவிட்டாலும் நிறம் இழுக்கும். இந்த நிறங்காட்டி கால்சியத்தை வலுவில்லாமல்தான் பிடிக்கிறது. மெக்னீசியத்தோடுதான் நல்ல சிவப்பு. மெக்னீசியம்–ஈடிடிஏ அணைவைத் தாங்கல் கரைசலிலேயே சிறிது சேர்த்துவைப்பது வழக்கமான தீர்வு. எவ்வளவு விட்டாலும் சிவப்பு மாறவே இல்லை என்றால் இரும்போ தாமிரமோ நிறங்காட்டியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இரும்புக்கு ட்ரைஎத்தனாலமீன் சேர்த்து மறைக்கலாம்.

காரீய நஞ்சுக்குக் கொடுக்கும் ஈடிடிஏவும் ஆய்வக ஈடிடிஏவும் ஒன்றா?

ஒன்றல்ல, மாற்றிக் கொடுத்ததால் உயிரிழப்புகள் நேர்ந்ததுண்டு. மருந்தாகக் கொடுப்பது கால்சியம் டைசோடியம் உப்பு. காரீயத்தோடு மடக்கை 18, கால்சியத்தோடு 10.7. ஆகவே காரீயத்தைப் பிடித்துக் கால்சியத்தை இரத்தத்தில் விட்டுவிடும். கால்சியம் இல்லாத டைசோடியம் உப்பு சிரைக்குள் போனால் அது முதலில் சந்திக்கும் உலோகம் இரத்தத்திலுள்ள கால்சியம். அதன் அளவு திடீரெனச் சரிந்து இதயத் துடிப்பு நின்றுபோகலாம்.